ஆஷ்மீடில் ஒரு வீடு, அவனியாபுரத்தில் ஒரு கல்

ஆஷ்மீட், இங்கிலாந்து
6 மார்ச் 2005

அன்புள்ள அத்தானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தது நான் இல்லை. கார்டு தீர்ந்துவிட்டது. நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், அதனால்தான் கடிதம். போனில் நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் கெசியாவிடம் பேச நேரமே இருப்பதில்லை. கடிதத்தில் நீங்கள் நடுவில் மறிக்க முடியாது. முழுதாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் முதியோர் இல்லத்து நர்சுகளுக்கு என்று இந்த ஊரில் ஆறு வீடுகள் ஒதுக்கியிருக்கிறார்கள். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு மட்டும். டிசம்பர் பதினைந்துக்குள் புருஷன், பிள்ளைக்கு விசா விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும், நான் பழையபடி இன்னொரு நர்சோடு ஒரே வீட்டில் கிடக்க வேண்டியதுதான். நான் பெயர் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் கேட்க வந்தது இதைத்தான். நீங்கள்தான் கேட்கவிடவில்லையே!

ஊர் என்று சொல்கிறேனே தவிர, ஐந்து வருடத்துக்கு முன்னால் இது வெறும் பார்லி வயல். பூமியைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று காட்டுவதற்காகவே கட்டிய ஊராம். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கொதிகலன், மரச்சில்லு போட்டு எரிக்கிறார்கள். காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து வரவேண்டும். வீட்டுக்குக் கோடு போடும் முன்பே மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து, அங்கே குளம் வெட்டியிருக்கிறார்கள். மரங்கள்தான் பாவம், எல்லாம் என் இடுப்பு உயரம், குச்சியில் கட்டி நிற்கின்றன. டீக்கடை இல்லை, சர்ச் இல்லை. கல்லறைத் தோட்டமும் இல்லை. இந்த ஊரில் இன்னும் ஒருவரும் சாகவில்லை.

கெசியா போனில் என்னை, "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் 'சாப்ட்டியா' என்று கேட்ட பிள்ளை. விருந்தாளியிடம் பேசுவது மாதிரிப் பேசுகிறாள். இரண்டு வருடத்தில் இது போதும் அத்தான். வந்துவிடுங்கள்.

பெர்சி

---

ஆரப்பாளையம், மதுரை
28 மார்ச் 2005

பெர்சிக்கு,

நானும் கெசியாவும் சுகம். நீயும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஈஸ்டருக்கு உன் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். வாசலில் நின்று இருபது பேர் கேட்டார்கள், "பெர்சி எப்பண்ணே வருது?" என்று. 'சீக்கிரம்' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வார்த்தை புளித்துவிட்டது. இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவள் நீ. பிப்ரவரியோடு இரண்டு முடிந்தது. நான் காலண்டரைப் பார்க்காத ஆள் இல்லை.

குளம் வெட்டிவிட்டு வீடு கட்டுவதற்கு இங்கிலாந்துக்காரன் வேண்டுமா? நம் ஊரில் இல்லாத கண்மாயா? உனக்கு அங்கே போனபிறகு எல்லாம் அதிசயமாக இருக்கிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை. இங்கே லாரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுக் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன். பள்ளிக்கூடத்து ஹெட் கிளார்க் நான் பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு சீனியம்மாள் அக்காவே, "நீங்க போங்க தம்பி, நான் பிடிச்சு வைக்கிறேன்" என்று குடத்தை வாங்கிக்கொள்கிறது.

நான் அங்கே வந்து என்ன செய்வேன் என்று யோசித்தாயா? இங்கே நான் இம்மானுவேல் சார். ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்றால் என் மேஜைக்கு வந்துதான் ஆகவேண்டும். சபையில் கமிட்டி செயலாளர். அங்கே நான் யார்? நர்சம்மா வீட்டுக்காரர். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக ஆக்கிவிடாதே.

அவனியாபுரத்தில் நாம் மனையாக வாங்கிப்போட்ட பிளாட்டில் வீட்டு வேலை நடக்கிறது. உனக்காகத்தான் கட்டுகிறேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

இம்மானுவேல்

---

ஆஷ்மீட்
2 ஜூன் 2005

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கோபத்தில் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். பிறகு எழுதச் சக்தி இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை, ஒவ்வொருவரையும் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து வீட்டுக்கு வந்தால் பேனாவே இரும்பு மாதிரிக் கனக்கிறது.

ஒரு அவமானத்தைச் சொல்கிறேன், சிரிக்கலாம். இந்த ஊர்ப் பொதுக்கூடத்தில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவு என்று மாதாமாதம் எழுதிப் போடுவார்கள். குறைவு என்றால் பச்சை, அதிகம் என்றால் சிவப்பு. போன மாதம் ஊரிலேயே ஒரே ஒரு சிவப்பு. அது எங்கள் வீடு.

கணக்கெடுக்கிற மனிதர் குழாய் எங்கேயோ கசிகிறது என்று நினைத்து வீட்டுக்கே வந்துவிட்டார். பார்த்தால் குளியல் தொட்டி நிறையத் தண்ணீர், சமையலறையில் நாலு வாளி, இரண்டு பெரிய பாத்திரம். இது எதற்கு என்று கேட்டார். குழாயில் வரும்போதே பிடித்து வைப்பதற்கு என்றேன். இங்கே எப்போதும் வருமே என்றார். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பேன் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவி, அதே தண்ணீரில் காலும் கழுவி வளர்ந்தவள் நான். இந்த ஊரில் தண்ணீரை விரயம் செய்கிறவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். வீடு ஒதுக்கும் கமிட்டியும் அந்தப் பலகையைப் பார்க்குமாம். இரவெல்லாம் அழுதேன். இரண்டு வருடமாக என் கை என்னைக் கேட்காமலே பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கள் இல்லத்தில் விட்லோ என்று ஒரு பாட்டியம்மா. இந்த ஊர் கட்டிய நிலத்தில் பாதி அவர்கள் வீட்டுக்காரருடையது. அவர் செத்தபிறகு விற்றார்கள். இப்போது நினைவு தப்பிவிட்டது. ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்து, 'யார் என் பார்லிக்குள் தண்ணீர் விட்டது?' என்று தினமும் என்னைக் கேட்கிறார்கள். காலையில் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலேயே இன்னும் மூன்று வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லப் பயம். இப்போது சொல்லிவிட்டேன்.

பெர்சி

---

ஆரப்பாளையம்
10 ஜூலை 2005

பெர்சி,

கடிதத்தில் முதல் மூன்று பக்கம் கதை சொல்லிவிட்டு, கடைசி மூன்று வரியில் என் தலையில் கல்லைப் போட்டிருக்கிறாய். கெட்டிக்காரி.

நீ கேட்காமல் கையெழுத்துப் போட்டாய். நானும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து, போதகர் ஐயாவையும் சபையாரையும் ஒரு பஸ் வைத்து அவனியாபுரம் பிளாட்டுக்குக் கூட்டிப்போய் அஸ்திபாரக் கல் நாட்டிவிட்டேன். ஐயா ஜெபித்தார். பெண்கள் பாட்டுப் பாடினார்கள். எல்லாருக்கும் பிரியாணி. போட்டோ வைத்திருக்கிறேன். கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார். 'திருமதி பெர்சி இம்மானுவேல் இல்லம்.' என் பெயர் தனியாகக்கூட இல்லை.

அறுபது பேர் அந்தக் கல்லைத் தொட்டு ஜெபித்திருக்கிறார்கள். இனி வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் சபையாருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் மட்டும் இல்லை, நீயும்தான்.

கெசியா ஐந்தாம் வகுப்பு போகிறாள். முடியை வெட்டிவிட்டேன். எனக்குப் பின்னத் தெரியவில்லை.

இம்மானுவேல்

---

ஆஷ்மீட்
31 ஜூலை 2005

அத்தான்,

போட்டோவைப் பார்த்தேன். கல்லறைக் கல்லில்தான் ஒருத்தரைக் கேட்காமல் பெயர் வெட்டுவார்கள்.

எத்தனை பேர் தொட்டு ஜெபித்தார்கள் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்டது தப்புத்தான். ஆனால் நான் அதை ஒளிந்து செய்தேன், வெட்கப்பட்டேன். நீங்கள் பிரியாணி போட்டுச் செய்திருக்கிறீர்கள். இனி நான் வராவிட்டால், புருஷன் ஆசையாகக் கட்டிய வீட்டை உதைத்தவள். வந்தால், நீங்கள் ஜெயித்தீர்கள். நல்ல ஏற்பாடு.

போட்டோவில் உங்கள் பின்னால் கரை மாதிரி ஒன்று தெரிகிறதே, அது என்ன? நாம் வாங்கும்போது அந்தப் பக்கம் முள்ளாக மூடிக் கிடந்தது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யாரிடமாவது கேட்டீர்களா? இங்கே வந்து நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? போர் போட்டாயிற்றா? 'வேலை நடக்கிறது' என்பதைத் தவிர நீங்கள் எதையும் எழுதுவதில்லை.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். வருவீர்களா, மாட்டீர்களா? அதற்குப் பதில் வரும்வரை நான் எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கெசியாவுக்கு மட்டும் போன் செய்வேன். டிசம்பர் பதினைந்து, மறந்துவிட வேண்டாம்.

பெர்சி

---

ஆரப்பாளையம்
9 நவம்பர் 2005

அன்புள்ள பெர்சிக்கு,

மூன்று மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். இதற்குள் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிளாட்டில் மார்ச்சில் ஒரு போர் போட்டேன், ஐந்நூறு அடி. புழுதிதான் பறந்தது. ஜூனில் இன்னொன்று, அறுநூறு அடி. அதிலும் புழுதி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதாம், எனக்குப் பூதம்கூட வரவில்லை. 'தண்ணி இல்லாத இடத்துல வீட்டைக் கட்டாத சார்' என்று போர்க்காரனே சொன்னான். நான் அதற்குப் பிறகுதான் கல் நாட்டினேன். ஏன் என்று கேட்காதே. கல்லை நாட்டிவிட்டால் மற்றது எல்லாம் தானாக நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

இங்கே மூன்று வாரமாக மழை. வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் கெசியாவைக் கூட்டிக்கொண்டு பிளாட்டைப் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், நம் பிளாட் இருக்கிற தெருவே இல்லை. ஒரே தண்ணீர். கல் இருக்கிற இடம் தெரியவில்லை. போர் போட்ட குழாய் மட்டும் ஒரு சாண் வெளியே நின்றது. அறுநூறு அடிக்குக் கீழே இல்லாத தண்ணீர் என் இடுப்பு உயரம் நிற்கிறது பெர்சி!

போட்டோவில் நீ கேட்டாயே ஒரு கரை, அது கண்மாய்க் கரை. நம் பிளாட் கரைக்கு உள்பக்கம். விற்ற வெள்ளைத்துரை, "அது எப்பவோ செத்த கண்மாய் அண்ணே, அம்புட்டும் பட்டா" என்றான். இப்போது போனை எடுப்பதில்லை. கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சின்னான் என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "கண்மாய்க்குள்ள குடிவந்துட்டு, கண்மாய் வந்துருச்சுன்னு நிக்கிறீகளே சாமி. அது எங்கிட்டுப் போகும்?" நம் ஊரில் இல்லாத கண்மாயா என்று உனக்கு எழுதிய பெரிய மனுஷன் நான்தான்.

திரும்பி வரும்போது கெசியா, "அம்மாட்ட போன்ல வீட்டு வேலை நல்லாப் போகுதுன்னு சொன்னீங்கள்லப்பா?" என்றாள். திட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வர எனக்கு வெட்கமாக இருக்கிறது. வராமல் இருக்கவும் இப்போது ஒரு காரணம் இல்லை. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இம்மானுவேல்

---

ஆஷ்மீட்
20 நவம்பர் 2005

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை டியூட்டி அறையில் நின்றுகொண்டே படித்தேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று எழுதலாம். எழுத மாட்டேன். எனக்கு ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. அந்தக் கல்மேல் கோபமாக இருந்தேனே தவிர, அது தண்ணீருக்குள் கிடக்கிறது என்று படித்தபிறகு வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவை எடுத்து மறுபடி பார்த்தேன். இரண்டு போரும் பொய்த்ததைத் தனியாக வைத்துக்கொண்டு எப்படி அத்தான் ஆபீசுக்குப் போய் வந்தீர்கள்?

விட்லோ பாட்டியம்மா போன செவ்வாய் இறந்துவிட்டார்கள். என் கையில்தான். மற்றவர்களைக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்; இந்த ஊருக்குள்ளேயே நடந்த முதல் சாவு இதுதான். இத்தனை யோசித்துக் கட்டிய ஊரில் புதைக்க ஓர் இடம் கிடையாது. பக்கத்துக் கிராமத்து சர்ச் கல்லறைக்குக் கொண்டுபோனோம். குழியைச் சுற்றி ஆறு பேர், அதில் நான் ஒருத்தி. அவர்கள் மகன் என்னிடம் கைகுலுக்கிவிட்டு, நீங்கள் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நர்ஸ் என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி நடந்து வரும்போது முடிவு செய்தேன், உங்களிடம் எதையும் ஒளிக்கக்கூடாது என்று. எனக்கு அங்கே திரும்பி வர மனசில்லை. சம்பளத்துக்காக என்று இத்தனை நாள் சொன்னது பாதிப் பொய். பத்து வயதிலிருந்து விடிகாலையில் குடத்தோடு ஓடியவள் நான். இங்கே குழாயைத் திறந்தால் வருகிறது. இதை நம்பவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். திரும்ப நிமிர்த்த என்னால் முடியாது அத்தான். இதைக் கெட்ட மனசு என்றால் எனக்குக் கெட்ட மனசுதான்.

ஆனால் நீங்களும் அவளும் இல்லாமல் இங்கே இப்படியே வயதாகிப் போகவும் எனக்கு முடியாது.

கொதிகலன் வீட்டில் ஒரு ஆள் தேவைப்படுகிறது. மரச்சில்லு லாரி வந்தால் எடை பார்த்து எழுதவேண்டும், சாம்பல் அள்ளவேண்டும். ஏப்ரலிலேயே விசாரித்து வைத்தேன். ஹெட் கிளார்க்கைச் சாம்பல் அள்ளச் சொல்வதா என்று சொல்லாமல் இருந்தேன். இப்போதும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் திட்டாமல் வேண்டாம் என்று மட்டும் எழுதுங்கள். வீடு வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். யார்மேலும் பழி இல்லை.

பெர்சி

---

ஆரப்பாளையம்
11 டிசம்பர் 2005

அன்புள்ள பெர்சிக்கு,

விசா விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போய் நேரில் கொடுத்துவிட்டேன். ரசீது நகல் இதோடு இருக்கிறது. இது வந்து சேருவதற்குள் தேதி தாண்டிவிடும், அதனால் நாளைக்குப் போனிலும் சொல்வேன். உங்கள் கமிட்டியிடம் அன்றைக்கே சொல்லிவிடு.

இருபது வருடமாக எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கை இது. இந்த ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. நான் யாருடைய ஆதரவில் இருக்கப்போகிறேன் என்று ஒரு கட்டம். அதில் உன் பெயரை எழுதவேண்டும். அங்கே வந்து பேனா நின்றுவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. கை அப்படியேதான் இருக்கிறது.

நேற்று சபைக் கமிட்டியில் செயலாளர் பொறுப்பை ஒப்படைத்தேன். கல் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பொருளாளர் மருது மட்டும் சும்மா இருப்பானா? எல்லார் முன்னாலும், "என்ன மாப்ள, பொண்டாட்டி பின்னாலயே போறியாமே?" என்றான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இரண்டு வருடமாக நான் இங்கே உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"ஆமாடா. அவ முன்னால போயிட்டா. பின்னாலதான போக முடியும்?" என்றேன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போதகர் ஐயா என் தோளில் கை வைத்துப் பிரயாணத்துக்கு ஜெபித்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். களைப்புத்தான், வேறொன்றும் இல்லை.

சாம்பல் அள்ளுகிற வேலையைச் சொல்லி வை. எடை பார்த்து எழுதுவதும் உண்டு என்றாயே, அதையும் கேட்டு வை.

கெசியா இப்போதே பெட்டியை எடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டாள். விசா வந்ததும் தேதி எழுதுகிறேன். அன்றைக்கு நீ ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்கவேண்டும். டியூட்டி, லீவு இல்லை என்று எதுவும் சொல்லாதே. யாரையாவது அனுப்புகிறேன் என்றும் சொல்லாதே. எனக்குப் பயமாக இருக்கிறது பெர்சி.

இம்மானுவேல்